எந்தப் பக்கம்?

ஆங்கிலேய அரசன் அமெரிக்காவை ஆண்ட காலம். கரோலினாக் கடற்கரையில் ஒரு நெல் தோட்டத்தில் பிரைமஸ் என்ற தச்சர் இருந்தார். அடிமையாகவே பிறந்தவர். ஐம்பது வயதில், தன் மகள் வயதுள்ள ஒருத்தியிடம் பாடம் கேட்டார்.

அவள் பெயர் அபெனா. மூன்று வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவள். தோட்டத்தில் யார் இறந்தாலும் குளிப்பாட்டி வழியனுப்புவது அவள்தான். பிரைமஸ் சவப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, திரும்பிப் போகாமல் பக்கத்தில் நின்று பார்ப்பார். தலையை மேற்கே வைக்க வேண்டும், எழுந்தால் முகம் கடலைப் பார்க்கும், கடல் தாண்டித்தான் சொந்த ஊர் என்று கற்றுக்கொண்டார். மண் மேல் வெண்சிப்பிகளைப் பரப்பக் கற்றுக்கொண்டார். அவளை அம்மா என்று கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வருடம் அறுவடைக்கு முன் அவர் மனைவி ஃபீபா காய்ச்சலில் இறந்துபோனாள்.

வேலை மணி அடிப்பதற்குள் புதைத்துவிட வேண்டும் என்றான் கங்காணி. விடியற்காலையில் வயல் முழுவதும் பனி நின்றது. பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் கால்கள் தெரியவில்லை. பெட்டி தானாக மிதந்து வருவதுபோல் இருந்தது.

"அவள் கடைசியாகத் தண்ணீர் குடித்த கிண்ணம் எங்கே?" என்று அபெனா கேட்டாள்.

பிரைமஸ் கொடுத்தார். அவள் அதைக் கல்லில் தட்டி உடைத்தாள்.

"ஏன் அம்மா?"

"இது முழுதாக இருந்தால் குடிக்கத் திரும்பி வருவாள். போகட்டும். நீங்கள் மூடிக்கு ஆணி அடியுங்கள்."

பிரைமஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். "மூடமாட்டேன்."

பனிக்குள் எங்கோ கங்காணியின் குதிரை கனைத்தது.

"நேரமில்லை, அண்ணே."

"ஐந்து வயதில் அவளைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு ஆறு, ஒரு வெள்ளை மரம், அவ்வளவுதான் நினைவிருந்தது. ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று. நான் இங்கே பிறந்தவன். எனக்கு என்ன தெரியும்? எந்த ஊருக்கு என்று சொல்லி அவளை அனுப்புவேன்?"

அபெனா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கப்பலில் என்னோடு ஒரு கிழவியைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்," என்றாள். "அவள் பேசியது எனக்குப் புரியாது. நான் பேசியது அவளுக்குப் புரியாது. ஒரு நாள் காலையில் அவள் கை குளிர்ந்திருந்தது. குழியில்லை, சிப்பியில்லை. கடலில் போடத் தூக்கினார்கள். என் பங்குத் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவினேன். காதில் ஒன்று சொன்னேன்."

"என்ன சொன்னாய்?"

"என் ஊர்ப் பெயரை. அமோக்ரோம். ஆற்றைப் பிடித்தே போ, அமோக்ரோமில் என் அம்மா இருப்பாள் என்றேன்."

பிரைமஸ் குனிந்தார். மனைவியின் காதோரம் அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். வாய்க்குப் பழகாத பெயர். இரண்டாம் முறை சரியாக வந்தது.

மூடியை வைத்து ஆணி அடித்தார். மண் தள்ளினார்கள். உடைந்த கிண்ணத்தை மேலே வைத்தார்கள். பனி விலக ஆரம்பித்தது. மணி அடித்தது. மற்றவர்கள் வயலுக்கு இறங்கினார்கள்.

பிரைமஸ் மட்டும் நகரவில்லை.

"அம்மா, அங்கே அவளை யாருக்கும் தெரியாதே. நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வாள்?"

அபெனா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எங்கள் ஊரில் வந்தவர்களை முதலில் சாப்பிட வைப்பார்கள், அண்ணே. யார் என்று அப்புறம்தான் கேட்பார்கள்."