தலையாட்டிய தாத்தா

கடலோர ஊர் ஒன்றில் தொம்மை என்பவர் கோயில்பிள்ளையாக இருந்தார். மாதா கோயிலில் மணி அடிப்பதும் பீடம் துடைப்பதும் அவர் வேலை. ஊருக்கு வெளியே குடிசையில் தனித்து வாழ்ந்த இன்னாசி அடிகளை அவர் குருவாகக் கொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்கு நாலு வயது அதிகம்.

அந்த வருடமும் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் தொம்மைக்குத்தான். முகமூடியும் சிவப்பு அங்கியுமாகப் பாட்டுக்குழுவோடு தெருத்தெருவாக ஆடிப் போனபோது, அமலி என்ற எட்டு வயதுப் பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா போன படகு, புயலுக்குப் பிறகு இருபத்துமூன்று நாளாகத் திரும்பவில்லை.

"எனக்கு மிட்டாய் வேண்டாம் தாத்தா. அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்று காதருகே சொன்னாள்.

தொம்மை தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து, கோயிலின் பின்புறம் அந்தச் சிவப்பு அங்கியைத் துவைத்துக்கொண்டிருந்தார். முகமூடி கல்மேல் காய்ந்தது. நிமிர்ந்தபோது அமலி நின்றிருந்தாள். முகமூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வந்து நின்றாள். தொம்மை பக்கவாசல் வழியாக நழுவினார். ஐந்தாம் நாள் அடிகளிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்.

"ஏன் தலையாட்டினீர்?" என்றார் அடிகள்.

"பிள்ளையோட நம்பிக்கை உடையக் கூடாதுன்னுதான் சாமி."

அடிகள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அதையே திரும்பக் கேட்டார்.

"கொட்டு அடிச்சிட்டிருந்தாங்க. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

அடிகள் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு மூன்றாம் முறையும் அதையே கேட்டார்.

தொம்மை தரையைப் பார்த்தபடி சொன்னார். "என்னால முடியாதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

"அதை அவளிடம் சொல்லும்."

மறுநாள் தொம்மை அவள் எதிரில் போய் நின்றார். அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்போ எங்க அப்பாவக் கூட்டிட்டு வர நீங்க யாரையும் அனுப்பலயா?"

"அனுப்பல மக்கா. அனுப்ப எனக்கு யாரும் இல்ல. அத உங்கிட்டச் சொல்லப் பயந்துட்டேன்."

"இப்பவும் பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்" என்றாள். அழவில்லை. அம்மா பாயைவிட்டு எழுவதே இல்லை என்றும், சாயங்காலம் தான் மட்டும் கரைக்குப் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னாள். அவரும் வருவாரா என்று கேட்டாள்.

சாயங்காலம் தொம்மை கரைக்குப் போகாமல் அடிகளின் குடிசைக்குத்தான் வந்தார். அமலி கரைக்குக் கூப்பிட்டதைச் சொன்னார்.

"வெளிச்சம் இன்னும் இருக்கிறது, போம்" என்றார் அடிகள்.

"சாமி, நேத்து அடுத்த ஊர்ல ரெண்டு உடல் கரை ஒதுங்கியிருக்கு. நாங்க நிக்கும்போதே அவ அப்பன் ஒதுங்கிட்டா?"

அடிகள் எழுந்து வாசல் படலைத் திறந்து பிடித்தார்.

"அவள் அங்கே தனியாக நிற்கிறாள். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்."