விரிசல் முடியும் இடம்

பல்லடம் பக்கம் மோட்டார் பம்பு செய்து பேர் வாங்கியவர் அர்த்தனாரி. அறுபது வயதுக்கு மேல் அவருக்குப் பறக்க ஆசை வந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைப் பட்டறைக் கொட்டகையிலேயே கட்டத் தொடங்கினார். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவி தெய்வானை பொத்தாமலேயே சிரித்தாள். ஆனால் இறக்கை முழுக்க உப்புத்தாள் தேய்த்தது அவள்தான்.

வேலையைக் கற்றுக் கொடுத்தவர் பிலோமினா. தன் கையால் விமானம் கட்டிப் பறந்தவர். அர்த்தனாரியைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் அர்த்தனாரி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

தலைக்கு மேல் மூடுகிற கேனபி வந்து இறங்கியது ஒரு மழைச் சாயங்காலம். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் மூடி. அதைச் சும்மா தூக்கி வைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"மேகம் இத்தனை கிட்டக்கத் தெரியுமாக்கும்?" என்று தெய்வானை கொட்டகைத் தகரத்தைக் காட்டிக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மூடி முழுக்க மூச்சு படிந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தத் தை மாசமே அவள் போய்ச் சேர்ந்தாள்.

கொட்டகை வெகுநாள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் என்ன தோன்றியதோ, அர்த்தனாரி யாரையும் கேட்காமல் கேனபியைப் பொருத்த உட்கார்ந்துவிட்டார். பம்புக்காரர் கை அல்லவா? ஸ்க்ரூ கனத்துக்கே துளை போட்டு, ஒரு முடிகூட நுழையாதபடி இறுக்கினார். மறுநாள் தகரம் சூடேறியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

பிலோமினா வந்தபோது அர்த்தனாரி கையில் பூட்டோடு நின்றார்.

"இது தேறாதுன்னா பூட்டிட்டுப் போயிர்றேனுங்க டீச்சர். வேற மூடி மாட்ட மனசு வரலை. இதுக்குள்ளதான் அவ உட்கார்ந்திருந்தா."

பிலோமினா எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தினார். டிரில்லிங் மெஷினில் சின்ன முனையாகப் பார்த்து மாட்டி அவரிடம் நீட்டினார்.

"விரிசல் முடியற இடத்துல ஒரு துளை போடுங்கண்ணா."

"உடைஞ்சதுல இன்னொரு ஓட்டைங்களா?"

"ஆமாங்க."

"ஓடிருச்சுன்னா?"

"போடலைன்னாத்தான் ஓடும்."

அர்த்தனாரி பூட்டைக் கீழே வைத்தார். மெஷினை வாங்கி முனையை விரிசல் முடிவில் வைத்தார். ஒரு நிமிஷம் நிறுத்தி, வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, மெல்ல அழுத்தினார். வெள்ளைத் துகள் சுருண்டு விழுந்தது. விரிசல் அந்தத் துளையோடு நின்றது.

"விரிசல் முனை கூரா இருக்கிற வரைக்கும் ஓடிட்டே இருக்கும்" என்றார் பிலோமினா. "உருண்டையா முடிச்சுட்டா நின்னுக்கும்."

"இறுக்கமாத்தானுங்க பொருத்தினேன். அப்புறம் எப்படி விட்டுச்சு?"

"வெயிலுக்கு இது விரியுமுங்க. நீங்க இடமே விடலையே."

அர்த்தனாரி துகளை ஊதிவிட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளே இரண்டு சீட்டும் தெரிந்தன.

"விரிசல் அப்படியேதான் இருக்குதுங்க. பறக்கிறப்பவும் நேராக் கண்ணுல படுமே டீச்சர்."

"படட்டுங்கண்ணா. வெயில் ஏறுறதுக்குள்ள மத்த துளையெல்லாம் பெருசு பண்ணுங்க."