மினதி என்ன சொன்னாள்

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. அதன் தலைமையாசிரியை ஷாஹிதாவிடம் தொழில் கற்க வேண்டும் என்றே மாற்றல் வாங்கி வந்தவர் பரந்தாமன். இருவரில் அவர்தான் வயதில் மூத்தவர். ஆனாலும் தன்னை ஷாஹிதாவின் சீடன் என்றே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் அவர் கேட்டார்.

"மேடம், என் கிளாஸ்ல தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கலந்து கிடக்கு. தமிழ் தெரியாத பிள்ளைங்களத் தனியா உக்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தா என்ன?"

ஷாஹிதா வாயைத் திறப்பதற்குள் வாசலில் கூச்சல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

கேட்டுக்கு வெளியே கூட்டம். நடுவில் சிமெண்ட் படிந்த சட்டையோடு ஒருவர். உதட்டில் ரத்தம். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க எல்லோர் போனிலும் வதந்தி.

"புள்ள புடிக்கிறவன்! கையும் களவுமா மாட்டிக்கினான்!"

மூன்றாம் வகுப்பு மினதியை ஒரு பெண் இறுக்கிப் பிடித்திருந்தாள். மினதி திமிறிக்கொண்டு ஒடியாவில் அலறினாள். யாருக்கும் புரியவில்லை.

"பாரு, காப்பாத்துன்னு கத்துது கொயந்த!"

ஒருவர் ஹெல்மெட்டை ஓங்கினார். ஷாஹிதா குறுக்கே பாய்ந்தார். அடி அவர் தோளில் விழுந்தது. கூட்டம் சற்றே பின்வாங்கியது.

"சார், நீதானே கிளாஸ் வாத்தியாரு? இவன் இந்தப் புள்ளைக்கு அப்பனா? சொல்லு!"

பரந்தாமன் அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தார். தினமும் மினதியை அழைத்துப்போக அவள் அம்மாதான் வருவாள். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

"தெரியல," என்றார்.

கூட்டம் மறுபடி நெருங்கியது.

ஷாஹிதா பள்ளிக்குள் திரும்பிக் கத்தினார். "மோனிஷா! இங்க வா!"

மோனிஷா பள்ளி இருக்கும் தெருவிலேயே வளர்ந்தவள்; கூட்டத்தில் பலருக்கும் தெரிந்த பிள்ளை. வகுப்பில் மினதிக்குப் பக்கத்தில் உட்காருபவள். கேட்டருகே உறைந்து நின்றிருந்தவள், பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து வந்தாள்.

"மினதி என்னம்மா சொல்றா?"

"எங்கப்பாவ அடிக்காதீங்கன்றா, மிஸ்."

சட்டென்று கூச்சல் அடங்கியது.

மினதியைப் பிடித்திருந்த பெண் கேட்டாள். "அவ பேசறது உனுக்கு எப்படிடீ தெரியும்?"

"கூடத்தானே உக்கார்றேன், அத்தை."

அந்தப் பெண்ணின் பிடி தளர்ந்தது. மினதி ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஷாஹிதா மினதியின் அப்பாவைத் தன் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பரந்தாமன் வெளியே வராந்தாவில் நின்றார். ஷாஹிதா வெளியே வந்ததும் அவரிடம் சொன்னார்.

"தனியா உக்கார வெச்சிருந்தா இந்நேரம் அவளுக்குத் தமிழ் வந்திருக்கும், மேடம். அவளே சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா, சார். யார் நம்பியிருப்பாங்க?"