மேடைக்குப் பின்னால் இருந்த கதவு

குருவுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது. வடசென்னையின் அந்த மார்க்கெட் தெருவில் இதை யாரும் விசேஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

சீடரின் பெயர் ஏகாம்பரம். ரயில் பெட்டி செய்யும் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைக்குள் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். வேலையை விட்ட மறுமாதமே, பாட்டு கற்றுக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னார். மனைவி கோமளா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்குப் பாடப் போறீங்க?"

"எனக்குத்தான்."

"அப்ப சரி" என்றாள்.

குருவின் பெயர் எழிலரசி. அந்த வட்டாரத்தின் இசை மன்றத்தை நடத்திவந்தார். அங்கே பாட்டுக்கும் கூத்துக்கும் பஞ்சமே கிடையாது. மாதா கோயில் தெருவில் தாவீதின் பாடகர் குழு. கால்வாய்க்கரையில் வேணியின் பறைக்குழு. மார்க்கெட் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் நாடக சபா. இத்தனை பேருக்கும் இருந்தது ஒரே கூடம், மார்க்கெட் கட்டடத்தின் மாடியில். ஒரு குழு ஒத்திகை பார்க்கும்போது அடுத்த குழு படிக்கட்டில் உட்கார்ந்து முணுமுணுக்கும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் சண்டையை மறந்து எல்லோரும் சேர்ந்து கலைவிழா நடத்துவார்கள்.

ஏகாம்பரத்துக்கு நல்ல குரல். வகுப்பில், எழிலரசியின் எதிரே உட்கார்ந்து பாடும்போது சுருதி விலகாது. ஆனால் வகுப்புக்கு இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், யாரோ விரலால் அழுத்துவதுபோலத் தொண்டை அடைக்கும்.

ஒருநாள் கேட்டார்.

"பயம் எப்படிப் போகும் டீச்சர்?"

எழிலரசி சுருதிப்பெட்டியைப் போட்டார்.

"ஸரிகம பாடுங்க சார்."

பாடினார்.

"போகலையே டீச்சர்."

"இன்னொரு தடவை பாடுங்க."

வேறொரு நாள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குப் பயமே வராதா டீச்சர்?"

எழிலரசி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் கிளம்புங்க" என்றார்.

வீடு வரும்வரை ஏகாம்பரம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். கோமளாவிடமும் சொன்னார்.

"மழைன்னு எதைச் சொல்றாங்க தெரியுதா? பயத்தைத்தான். அது வந்து சேர்றதுக்குள்ள நாம கிளம்பிடணும்னு அர்த்தம்."

"மழை வருதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள் கோமளா. அவள் சொல்லி முடிக்கும்போது வெளியே தூறல் விழத் தொடங்கியது.

அந்த வருஷக் கலைவிழாவில் முதல் பாட்டு இசை மன்றத்துக்கு என்று முடிவானது. கூட்டத்தில் எழிலரசி யாரோடும் கலந்து பேசவில்லை. "ஏகாம்பரம் சார் பாடுவார்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஏகாம்பரம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அங்கேயும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது பாடினார், கடைக்குப் போகும்போது வாய்க்குள் பாடினார். பாட்டு மனப்பாடம். அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது. மறக்கத்தானே போகிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

விழா நாளன்று எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போனார். நாடக சபாக்காரர்கள் தங்கள் நாடகத்தின் விளக்கு அமைப்புக்காக ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் கூடம் இருண்டு கிடந்தது. ஏகாம்பரம் மேடைக்குப் பின்னால் நடந்தார். அரண்மனை வரைந்த பெரிய திரைச்சீலை தொங்கியது. அதற்கும் பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், ஒரு கதவு இருந்தது.

தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போயிருந்தது. இரும்போடு வாழ்ந்த கை. எங்கே தட்டினால் இளகும் என்று அதற்குத் தெரியும். கதவு திறந்தது. வெளியே இரும்புப் படிகள், கீழே காய்கறிக் கழிவு கொட்டும் சந்து. சந்தைத் தாண்டினால் பஸ் நிறுத்தம்.

நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாதையை ஒழுங்கு செய்தார். தாழ்ப்பாளைப் போடாமல் கதவை மட்டும் சாத்தி வைத்தார். பெயரைக் கூப்பிடும்போது இறங்கிப் போய்விடுவது. காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். பல நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

சாயங்காலம் கூடம் நிரம்பியது. இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார். கோமளா கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில், மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லி மேடையைக் காட்டினாள். அவளுக்கும் பின்னால், கூடத்தின் வாசலருகே, ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் எழிலரசி நின்றார். மைக் சரியாக இருக்கிறதா என்று அவர்தான் எப்போதும் பார்ப்பார்.

"முதல் நிகழ்ச்சியாக, நமது இசை மன்றத்தின் திரு. ஏகாம்பரம் அவர்கள்!"

கைதட்டல் கேட்டது. ஏகாம்பரம் கதவைத் திறந்து இரும்புப் படியில் கால் வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ வெடித்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. விளக்கும் மின்விசிறியும் நின்றன. திரும்பித் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். கூடத்தின் மறுகோடியில், வாசலுக்கு மேலிருந்த மின்பலகையிலிருந்து நெருப்புப் பொறி கொட்டியது. பக்கத்து ஜன்னலின் கறுப்புத் துணி கீழிருந்து மேலாகப் பற்றி ஏறியது. பிறகு புகை வந்து அந்த நெருப்பையே மறைத்தது.

"தீ!" என்றது ஒரு குரல்.

மொத்தக் கூட்டமும் எழுந்தது. அவர்களுக்குத் தெரிந்தது வந்த வாசல் ஒன்றுதான். புகை வருவதும் அந்த வாசலில்தான். இருந்தும் அங்கேயே போனார்கள். நாற்காலிகள் சரியும் சத்தம், குழந்தைகளின் அலறல், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள்.

ஏகாம்பரம் படியில் நின்றார். கீழே சந்தில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஒரு ஆடு முட்டைக்கோஸ் இலையைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் இங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது.

கோமளா உள்ளே இருந்தாள்.

திரும்பி ஓடினார். அரண்மனைத் திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது கிழிந்து விழுந்தது. கதவு வழியாக வந்த வெளிச்சம் மேடை விளிம்புவரை விழுந்து நின்றது. ஆனால் பார்க்க யாருமில்லை. எல்லோருடைய முதுகும் மேடைப் பக்கம் இருந்தது.

"இந்தப் பக்கம் வழி இருக்கு! இங்க வாங்க!" என்று கத்தினார்.

அங்கே எல்லோருமே கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே யாரையோ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கத்தலும் அதில் ஒன்றாகிப் போனது.

டீச்சர் இருக்கிறார் என்று நினைத்தார். டீச்சர் குரல் கொடுப்பார். அந்தக் குரல் எழுந்தால் கூட்டம் கேட்கும். இதோ இப்போது வரும்.

காத்திருந்தார். வரவில்லை.

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த பாட்டில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. முதல் அடியே இல்லை. முதல் நாள் முதல் பாடம் மட்டும் எங்கோ அடியில் கிடந்தது.

"ஸா…"

குரல் நடுங்கியது. வெட்கப்படும் அளவுக்கு நடுங்கியது. அவர் விடவில்லை.

"ஸ ரி க ம ப த நி ஸா…"

மேலே போனார், கீழே இறங்கினார், மறுபடி மேலே போனார். மேடைக்குக் கீழே இருட்டில் ஒரு கனத்த குரல் அதைப் பிடித்துக்கொண்டது. தாவீது. அவருடைய குழுவில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ஒரு தலை திரும்பியது. இன்னொரு தலை. "அங்க வெளிச்சம் தெரியுது!" என்று ஒரு பெண் கத்தினாள். திரும்பிய வேகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள்.

அப்போது பறை பேசியது. வேணி மேடை ஓரத்தில் நின்று அடித்தாள். ஆட்டத்துக்கான அடி இல்லை. மெதுவான, நடைக்கான அடி. ஒரு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி. இருட்டில் ஓடிய கால்கள் அதற்கு இணங்கி நடக்கத் தொடங்கின.

ஏகாம்பரம் ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். மறுகையால் வருகிறவர்களைத் தொட்டுத் தொட்டுப் படிப்பக்கம் அனுப்பினார். முகம் தெரியவில்லை. ஈரக் கைகள், குழந்தையைச் சுமந்த தோள்கள், கண்ணாடி தொலைத்த ஒரு கிழவர். தொட்ட தோள் ஒவ்வொன்றையும் கோமளாவா என்று பார்த்தார். இல்லை. பாடினார். அடுத்த தோள். அதுவும் இல்லை.

மூச்சு வாங்கும் இடைவெளியில், தூரத்தில், புகைக்குள்ளிருந்து கேட்டது.

"ஏங்க!"

ஏகாம்பரம் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டடி எடுத்து வைத்தார்.

"சத்தம் நின்னுடுச்சு! அங்கயும் தீ பிடிச்சிடுச்சா?" என்று யாரோ அலறினார்கள். வந்துகொண்டிருந்த கால்கள் தடுமாறின. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை இடித்தார்கள். யாரோ விழுந்தார்கள். விழுந்தது ஒரு சிறுமி. அவள் மேல் இன்னொருவர்.

அவர் கதவுக்குத் திரும்பினார். நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸா…"

கால்கள் மறுபடி நகர்ந்தன. சிறுமியை யாரோ தூக்கினார்கள். அவர் அழுதுகொண்டே பாடினார். ஸ்வரம் எது அழுகை எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஏங்க" என்ற குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கூட்டம் குறைந்தது. புகை மேடைக்கு வந்து கண்ணை எரித்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அவர் நிறுத்தவில்லை.

கடைசியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கட்டியிருந்தது பட்டுப்புடவை. மற்றவர் எழிலரசி. முகத்தில் கரி அப்பியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏகாம்பரம் இரண்டு பேரையும் ஒரே கையால் வளைத்துப் படியில் விட்டார். அப்போதும் பாட்டு நிற்கவில்லை.

வேணி வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"போதும்ணே. எல்லாரும் இறங்கிட்டாங்க. வாங்க."

இரும்புப் படிகளில் இறங்கும்போதும் அவர் ஸரிகம சொல்லிக்கொண்டே இறங்கினார். சந்தில் கோமளா அவர் வாயைத் தன் கையால் பொத்திய பிறகுதான் நின்றது.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒலிபெருக்கிக்காரருக்குக் கையில் தீக்காயம். வாசல் படிக்கட்டில் உருண்ட ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. உயிருக்கு எதுவும் ஆகவில்லை.

அந்தக் கதவு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏகாம்பரம் பதில் சொல்லாமல் தலை குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சில நாட்களில் மார்க்கெட் முழுக்க ஒரு கதை பரவியது. மீன் விற்பவர்கள் சொன்னார்கள், ஆட்டோ நிறுத்தத்தில் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க ஏகாம்பரத்துக்கும் எல்லாம் தெளிவாகிவிட்டது. தொண்டைக்கட்டு சரியானதும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

எழிலரசி பாயில் உட்கார்ந்திருந்தார். சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பழத்தை வைத்துவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொடப் போனார்.

எழிலரசி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "என்ன சார் இது! உட்காருங்க."

"இருக்கட்டும் டீச்சர். அன்னைக்கு நீங்க ஏன் பாடலைன்னு இப்பத்தான் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"நீங்க குரல் கொடுத்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். என் பயம் தெளியணும்னுதான் நெருப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சும்மா இருந்தீங்க. மார்க்கெட்டே அதைத்தான் பேசுது. தாவீது சார் கோயில்ல சொன்னாராம்."

எழிலரசி சுருதிப்பெட்டியை நிறுத்தினார். 

"அந்த போர்டு என் தலைக்கு மேலதான் வெடிச்சுது சார்."

"ஆமா டீச்சர்."

"பாடணும்னு வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். காலும் நகரலை. உங்க வீட்டம்மா என் கையைப் பிடிச்சாங்களா, நான் அவங்க கையைப் பிடிச்சேனான்னுகூட ஞாபகம் இல்லை."

ஏகாம்பரம் மெல்ல எதிரே உட்கார்ந்தார். 

"அப்புறம் என்ன பண்ணீங்க டீச்சர்?"

"நீங்க பாடுற பக்கமா நடந்தேன்."