பட்டுப் பிரிவில் கேட்ட மன்னிப்பு

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. சின்னக் கேள்விதான். பதிலுக்கு அவசரப்படாமல், நடந்ததை நடந்தபடி கேளுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே நெல் அரவை ஆலை வைத்திருந்தவர் ஆவுடையப்பன். அவருடைய காரை ஓட்டியவர் இசக்கிமுத்து. முதலாளியின் மகள் ஹேமலதா பத்தாம் வகுப்பு. டிரைவரின் மகள் பேச்சியம்மாள் ஒன்பதாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஹேமலதா காரில் போவாள். பேச்சி, தன் அப்பா ஓட்டிப்போகும் அந்தக் கார் கிளப்பிய புழுதியில் நடந்து போவாள். இதில் தப்பு ஏதும் இருப்பதாக அந்த வயதில் இருவருக்குமே தோன்றியதில்லை.

பொதுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹேமலதா மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்குக் கீழ்வகுப்புப் பிள்ளை ஒருத்தியை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

"உன் மவளை அனுப்பு," என்றார் ஆவுடையப்பன் டிரைவரிடம். அவ்வளவுதான்.

அன்று முதல் பேச்சி தினமும் பெரிய வீட்டுக்குப் போய், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டினாள். கட்டிலில் படுத்திருந்த ஹேமலதா பாதி நேரம் தூங்கினாள். வாசித்ததெல்லாம் வாசித்தவளிடமே தங்கிவிட்டது.

கணக்குத் தேர்வன்று இருவருக்கும் தனி அறை. கண்காணிப்பாளர் வராந்தாவில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஹேமலதா வினாத்தாளை இரண்டு முறை புரட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமே ஓடலட்டி. நீயே எழுதிரு."

"தப்புல்லாக்கா?"

"எழுதுட்டி. மார்க்கு வரலன்னா எங்கப்பா கொன்னுருவாரு."

பேச்சி எழுதினாள்.

தொண்ணூற்றேழு மதிப்பெண் வந்தது. வீட்டில் விருந்து நடந்தது. விருந்துக்கு வந்த கணக்கு ஆசிரியர் பாயசத்தைக் குடித்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்: "வகுப்புல அம்பதைத் தாண்டாத பிள்ளையாச்சே, எப்படிம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள், ஆவுடையப்பன் தவிர. வந்தவர்கள் போனதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் அதே கேள்வியைக் கேட்டார். ஹேமலதா அழுதுகொண்டே சொன்னாள்: "நான் சொன்னதை மட்டுந்தான் எழுதச் சொன்னேன்பா. அவளாத்தான் என்னத்தையோ சேர்த்து எழுதிட்டா."

மறுநாள் காலை கார் ஷெட்டில் முதலாளி டிரைவரிடம் பேசினார்.

"உன் மவ திருட்டு வேலை பார்த்திருக்கா. வெளிய தெரிஞ்சா ரெண்டு பிள்ளைகளும் கெட்டுச்சு. இனி அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. நீ இங்க வேலை பார்க்கணும்லா?"

இசக்கிமுத்து மகளை அங்கேயே வரவழைத்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை எடுத்து அடித்தார். பேச்சி மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஹேமாக்கா, சொல்லுங்கக்கா! நீங்கதான எழுதச் சொன்னீங்க!"

ஹேமலதா ஜன்னலில்தான் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பேச்சியின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ஹேமலதா டாக்டருக்குப் படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டினாள். ஐம்பது வயதை நெருங்கும்போது சிறுவயதை நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். எங்கே தொடங்கினாலும் நினைப்பு அந்த ஜன்னலில் போய் நின்றது. தூக்கம் கெட்டது. கடைசியில் விசாரித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம் அந்த ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"பேச்சியம்மாள்கிட்ட இப்பப் பேச முடியாதும்மா, ஏழு மணிக்கு டியூட்டி முடிஞ்சு இந்த வழியாத்தான் வருவாங்க," என்றார் வாசல் காவலாளி. ஹேமலதா லிஃப்டில் ஏறினாள்.

மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. வாடிக்கையாளர்களுக்கு மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தன. விற்பனைப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி கிடையாது. பேச்சியின் கணுக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. நான்கடி தள்ளி சூப்பர்வைசர் நின்றார். யாராவது புகார் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

ஹேமலதா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேச்சி, என்னைத் தெரியுதா?"

"பார்த்ததுமே தெரிஞ்சுட்டு மேடம். என்ன விலையில பாக்கீங்க?"

"புடவைக்கு வரலட்டி. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீ கத்துனது இன்னும் காதுல கேக்குது." ஹேமலதா வாய்விட்டு அழுதாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் நெருங்கி வந்தார். "என்னம்மா, கஸ்டமர் ஏன் அழுறாங்க? என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல சார்." பேச்சி அவசரமாக ஒரு மாம்பழ நிறப் பட்டுப் புடவையை விரித்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு," என்றாள் ஹேமலதா. "சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

பேச்சி சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் போகவில்லை.

"மன்னிச்சிட்டேன் மேடம். இதே கலர்ல சின்ன பார்டர் இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா?"

ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் புடவையையே வாங்கினாள். அன்று வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். ஒருத்தி அழுது கேட்டாள். இன்னொருத்தி வாய் திறந்து கொடுத்தாள். ஹேமலதாவுக்கு மன்னிப்பு கிடைத்ததா, இல்லையா?

விடை: கிடைக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் கொடுத்தால்தான் அது மன்னிப்பு. அந்த இடத்தில் பேச்சியால் நகர முடியாது, உட்கார முடியாது, முகம் சுளிக்கவும் முடியாது. கேட்டது வேறு யாராக இருந்தாலும், எதைக் கேட்டிருந்தாலும் அவள் 'சரி மேடம்' என்றுதான் சொல்லியிருப்பாள். மனதாரக் கேட்க வந்தவள் ஏழு மணிவரை வாசலில் காத்து நின்றிருப்பாள். அங்கே என்றால் பேச்சி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, பேசாமல் பஸ் ஏறிப் போயிருக்கலாம். அது ஹேமலதாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் காத்திருக்கவில்லை.