அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளைகளே. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். அந்தத் தொல்லை உங்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா? பெரிய இலுப்பை மரத்தடியில் அது நடந்தது. மயில்தான் வாத்தியார். அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். வரிசை கோணக் கூடாது, பாட்டில் குரல் பிசகக் கூடாது, தோகையில் தூசி படவே கூடாது.

அங்கே முள்ளி என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி படித்துவந்தாள். ஒருநாள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தபோது, முள்ளி என்ன எழுதுகிறாள் என்று வாத்தியார் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய தோகை சருகில் சரசரவென்று உரசியது. அவ்வளவுதான், முள்ளியின் முள்ளெல்லாம் சிலிர்த்து எழுந்தது. தோகையில் நல்ல நீளமான இறகு ஒன்று கிழிந்து தொங்கியது.

வாத்தியாருக்குக் கோபம் தலைக்கேறியது. "வாத்தியாரையே குத்துவியா? போ வெளியில! அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் இனிமே உள்ள விடுவேன்!"

மற்றப் பிள்ளைகளிடமும் அவர் இதையேதான் சொல்வார். முயல் குறும்பு செய்தால், மறுநாள் முயலின் அம்மா காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். குரங்குக் குட்டிக்கு அவன் அப்பா வருவார். பிள்ளையின் முதுகில் ஒரு தட்டு, வாத்தியாருக்கு ஒரு கும்பிடு, அத்தோடு முடிந்தது. முள்ளி யாரைக் கூட்டிக்கொண்டு வருவாள்?

அவளுக்கு அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. வளை மாறி வளை மாறி வளர்ந்தவள் அவள். கொஞ்ச காலம் கீரி வீட்டில் இருந்தாள், கொஞ்ச காலம் மரநாயின் பொந்தில் இருந்தாள். "முள்ளு குத்துது, எங்களால முடியல" என்று ஒவ்வொருவரும் அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள். இப்போது அவள் இருப்பது எறும்புதின்னி அத்தையின் வளையில். அத்தை மகா கூச்சக்காரி. யாராவது சத்தமாகப் பேசினாலே பந்தாகச் சுருண்டுவிடுவாள். எந்நேரமும் வளையையும் வாசலையும் பெருக்கிக்கொண்டே இருப்பாள். தான் வாயில் வைக்காத கிழங்கை முள்ளிக்காகத் தோண்டி, தினமும் இலையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

அந்த அத்தையிடம் முள்ளி மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்று தெரிந்து, அவளும் அடுத்த வளைக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அதனால் காலையில் வழக்கம்போலக் கிளம்புவாள். இலுப்பை மரத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள்.

அங்கிருந்து எல்லாம் கேட்கும். வாத்தியார் பெயர் கூப்பிடுவார்.

"மான்!"

"உள்ளேன் ஐயா!"

"முயல்!"

"உள்ளேன் ஐயா!"

முயலுக்கு அடுத்தது முள்ளியின் பெயர். வாத்தியார் அதைத் தாண்டிப் போய்விடுவார். கட்டைக்குப் பின்னால் முள்ளி யாருக்கும் கேட்காமல், "உள்ளேன் ஐயா" என்பாள்.

பாட்டு தொடங்கினால் வாயை மட்டும் அசைப்பாள். தன் இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று கட்டைக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். அந்த மரத்தடிக்குத் திரும்பிப் போய்விட அவளுக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வீட்டுப்பாடம்கூட அவளுக்கு இனித்திருக்கும்.

ஒருநாள் அந்த வழியாக ஒரு நரி வந்தது.

"என்ன பாப்பா, தனியா உக்காந்து அழுவுற?"

"அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு யாரும் இல்ல."

நரி பொட்டலத்தை மோந்து பார்த்தது. "இவ்வளவுதானா? நான் உனக்கு அப்பாவா வரேன். அந்தக் கிழங்கைக் கொடு."

அது பொய் என்று முள்ளிக்குத் தெரியும். ஆனால் உனக்கு அப்பாவாக வருகிறேன் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பொட்டலத்தை நீட்டினாள்.

நரி கிழங்கைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவளோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. இதை அணில் பார்த்துவிட்டது. அணில் வாயில் எது தங்கும்? ஒரே ஓட்டமாக வளைக்கு ஓடியது. "அத்தை! அத்தை! முள்ளிக்கு அப்பா கிடைச்சிட்டாரு! வாத்தியார்கிட்டப் பேச வந்திருக்காரு!"

இங்கே வாத்தியார் நரியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இவளுக்கு அப்பாவா? உங்க மேல ஒரு முள்ளையும் காணோமே?"

"பொண்ணு அவ அம்மா ஜாடைங்க ஐயா."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியாருக்கு வேண்டியது ஓர் அப்பா. எந்த அப்பா என்று அவர் பார்க்கவில்லை. கிழிந்த இறகை எடுத்துக் காட்டி முறையிட்டார்.

நரி நெஞ்சை நிமிர்த்தியது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஐயா! ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"இவரல்லவா பொறுப்பான அப்பா!" என்று வாத்தியார் மகிழ்ந்துபோனார்.

அப்பா என்றால் இதுதானா? முள்ளி நரியை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

அப்போது எறும்புதின்னி அத்தை மூச்சு வாங்க ஓடிவந்தாள். "யாரது, யாரது?" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அத்தை பாதி சுருண்டுவிட்டாள். முள்ளியின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்துகொண்டாள்.

"ஐயா, இவ எங்க வீட்டுப் பிள்ளை. என்ன தப்பு பண்ணினா?"

"நீ இவளுக்கு அம்மாவா?"

"இல்லைங்க."

"அப்புறம் உன்கிட்ட என்ன பேச்சு? அதான் அப்பாவே வந்தாச்சே."

அத்தை அந்தக் கிழிந்த இறகைப் பார்த்தாள். "சரிங்க. இவ முள்ளு எதுக்குச் சிலிர்க்கும்னு அந்த அப்பாவைச் சொல்லச் சொல்லுங்க."

நரி காதைச் சொறிந்தது. "திமிருதான். வேற என்ன?"

"சருகுச் சத்தத்துக்குங்க," என்றாள் அத்தை. அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இவ அம்மாவைச் சிறுத்தை பின்னாலருந்து வந்து புடிச்சப்ப இவ பக்கத்துல இருந்தா. சருகு சரசரன்னுச்சு, திரும்பிப் பாத்தா அம்மா இல்ல. இன்னிக்கும் பின்னால சருகு அசைஞ்சா முள்ளு தானா எழுந்துக்கும். அதனாலதான் எங்க வளையில ஒரு சருகு கிடக்க விடமாட்டேன். பேரைக் கூப்பிட்டுட்டுத்தான் இவகிட்டப் போவேன்."

அத்தை ஏன் ஓயாமல் பெருக்குகிறாள் என்று முள்ளிக்கு அன்றுதான் தெரிந்தது.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது. வாத்தியார் கிழிந்த இறகைப் பார்த்தார். "நான் பின்னாலதான் வந்தேன்," என்றார் மெதுவாக.

"அவளை அந்த மரத்துல முதுகு சாய்ஞ்சு உக்கார வையுங்க ஐயா. பின்னால யாரும் வர முடியாது. நீங்க எதிர்ல வாங்க, போதும்."

வாத்தியார் மரத்தைப் பார்த்தார். இடம் இருந்தது. என்றைக்குமே இருந்த இடம்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், முதலிலிருந்து மறுபடி பெயர் கூப்பிட்டார்.

"மான்!"

"உள்ளேன் ஐயா!"

"முயல்!"

"உள்ளேன் ஐயா!"

கொஞ்சம் நிறுத்தினார். "முள்ளி!"

முள்ளிக்குக் குரல் எழவில்லை. கட்டைக்குப் பின்னால் முணுமுணுத்தே பழகிப்போயிருந்தது. ஒருமுறை விழுங்கிக்கொண்டு, "உள்ளேன் ஐயா!" என்று கத்தினாள். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

மாலையில் அத்தை வந்து கூட்டிப்போனாள். காட்டுப் பாதை குறுகலாக இருந்தது. முள்ளி முன்னால் நடந்தாள்.

"அத்தை, என்னை வேற வளைக்கு அனுப்பிடுவீங்களா?"

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துல பிரச்சினை வந்துச்சே."

"வந்தா என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. வேற எதுக்கு நான் இருக்கேன்?"

உங்களை அம்மா என்று கூப்பிடலாமா என்று கேட்க முள்ளிக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பாதையெல்லாம் காய்ந்த இலைகள். பின்னால் அத்தையின் கால் பட்டுச் சருகு சரசரத்தது. முள்ளி அதைக் கேட்டாள். அவள் முதுகில் ஒரு முள்கூட எழவில்லை.

நீதி: பயந்த பிள்ளையை வெளியே நிறுத்தினால் பயம் தீராது, அது ஏன் பயந்தது என்று கேட்டு, உள்ளே இடம் கொடுக்க வேண்டும்.