வளைவில் இருந்த குச்சி

“இந்தக் குச்சிய எங்கீங்ண்ணா புடுங்குனீங்க?”

செங்கோடன் கிண்ணத்தை உதட்டிலிருந்து எடுத்தான். வந்து உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பத்தொன்பது நாள் பனியில் ஒற்றையாளாக நடந்து, ஏழாவது மடத்துக்கு, கடைசி மடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். முதல் கேள்வி, சுவரில் சாய்த்து வைத்த ஊன்றுகோலைப் பற்றியா?

“வழியில கெடந்துச்சுங்.”

“கெடந்துச்சா, நட்டிருந்துச்சா?”

பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று எதிரே உட்கார்ந்திருந்த பிக்குணியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நட்டிருந்துச்சுங். ஒரு வளைவுல. எதிர்த்தாப்புல ரெண்டாப் பொளந்த பாறை ஒண்ணு. நல்ல கெட்டிக் குச்சி, ஆட்டி ஆட்டித்தான் புடுங்குனேன். நுனியில செவப்புத் துணி கட்டியிருந்துச்சு. அத அவுத்துக் கைப்பிடியில சுத்திக்கிட்டேன். இப்ப வழுக்கறதில்ல.”

பிக்குணி யாங்சென் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். எழுந்து போய்த் தன் பூட்ஸை எடுத்து வந்து மாட்ட ஆரம்பித்தார்.

இமயத்தில், ஸ்பிதி மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மண்ணால் கட்டின சின்ன மடம் அது. குளிர்காலத்தில் மூன்று பிக்குணிகள் மட்டும் இருப்பார்கள். யாங்சென்தான் தலைமை. வயது முப்பத்தொன்று. கர்நாடகத்துத் திபெத்தியர் குடியிருப்பில் பிறந்தவர். துறவுக்கு முன்னால் ஒன்பது குளிர்காலம் அம்மாவோடு ஈரோட்டு நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். அதனால்தான் இந்த உயரத்தில் இந்தத் தமிழ். வாசலில் நின்றவனை அவர் “வாங்ண்ணா” என்றபோது செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி சமாளித்துக்கொண்டான்.

செங்கோடன் திருச்செங்கோட்டுக்காரன்; ஊரையும் தொழிலையும் வாசலிலேயே சொல்லிவிட்டான். நாற்பத்தெட்டு வயது. போர்வெல் வண்டி ஓட்டி, ஏழு மாநிலத்தில் துளை போட்டவன். இருபது வருடம் கூடவே இருந்த மச்சான் போன வருடம் பிரிந்து தனி வண்டி போட்டுக்கொண்டான். ஊர்க்கூட்டத்தில் வைத்து, “நீ இல்லாட்டி நான் அத்துப்போயிருவனா? எனக்கு எவன் தயவும் வேண்டாம்” என்று செங்கோடன் சொன்னான். சொன்னதைக் காட்டத்தான் கிளம்பினான். குளிர்காலம், ஏழு மடம், நடை. வழிகாட்டி கிடையாது, சுமைக்கூலி கிடையாது, வண்டி கிடையாது.

இதில் பாதி வீம்பு. மீதிப் பாதியைச் சும்மா சொல்லக் கூடாது. மூச்சை விட்டால் மீசையில் உறைகிற குளிரில் அவன் நடந்தான். இரண்டு கணவாய் தாண்டினான். ஓடிக்கொண்டிருந்த ஆறு அப்படியே நின்றுபோன இடத்தில் ஒரு மத்தியானம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் இதைச் செய்யக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை.

“அம்மணி, நான் வந்த காரியத்தக் கேக்கவே இல்லீங்களே.”

“சொல்லுங்க. காது கேக்குது.” யாங்சென் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“ஆறு மடத்துலயும் கேட்டுட்டேன். சிரிக்கறாங்க, டீ ஊத்தறாங்க. பதில் இல்ல. யாரு தயவும் இல்லாமத் தனியா வந்துட்டனுங். ஆனா ஒண்ணும் ஆகல. நெஞ்சுல அதே எரிச்சல்தான். மச்சான் மூஞ்சிதான் முன்னால வருது. எங்கீங் தப்பு? இன்னும் பத்து நாள் நடக்கணுமா?”

“ராத்திரி எங்க தங்குனீங்க, வர்ற வழியில?”

“ஒரு குடிசையில ஆளே இல்லீங். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள வறட்டி அடுக்கி, பக்கத்துல தீப்பெட்டிகூட இருந்துச்சு. நானே பத்த வெச்சு, நானே சமைச்சுத் தின்னுட்டு, காலையில நானே கெளம்பிட்டேன்.”

“ம்” என்றார் யாங்சென். “எந்திரிங்க. அந்த வளைவுக்குப் போகணும்.”

“இப்பவா? குதிகால் உரிஞ்சு தொங்குது.”

“குச்சிய எடுத்துக்கங்க.”

இறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஐப்பசியில், பனி விழும் முன், பாதை நெடுகக் குச்சி நடுவார்கள். தரையில் குழி தோண்டி, கல் வைத்து இறுக்கி, சிவப்புத் துணி கட்டுவார்கள். பிறகு இடுப்பளவு பனி விழுந்து பாதை காணாமல் போகும். குச்சி மட்டும் தெரியும். ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

“நீங்களும் அப்படித்தாங்ண்ணா வந்தீங்க.”

“நான் பாறையப் பாத்து வந்தேன்னு நெனச்சேன்” என்றான் செங்கோடன்.

“இன்னிக்குப் பௌர்ணமி. அங்ரூப்புன்னு ஒரு பெரியவரு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மத்தியானத்துக்கு மேல விளக்கேத்த வருவாரு. பனியப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு. சிவப்பு மட்டுந்தான் தெரியும்.”

செங்கோடன் அதற்கப்புறம் குதிகாலைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மணி நேரத்தில் வளைவு வந்தது. மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. கீழிருந்து வருகிறவனுக்கு எதிரே அகலமாக, வெள்ளையாக, சமமாக ஒரு வெளி தெரியும். பாதை அங்கே இடது பக்கம் வெட்டித் திரும்புகிறது. காலையில் செங்கோடன் இதே இடத்தில் நின்று, என்ன அழகு என்று அந்த வெளியைப் பார்த்தான். இறங்கி நடக்கக்கூட ஆசைப்பட்டான்.

யாங்சென் குச்சியை வாங்கி, எட்டி, அந்த வெளியை ஒரு குத்து குத்தினார்.

ஒரு கட்டில் அளவுக்குத் தரை பெயர்ந்து போனது. சத்தம் ரொம்ப நேரம் கழித்து வந்தது. ஓட்டைக்குக் கீழே, பனை உயரத்துக்கும் கீழே, கறுப்பாக ஆறு. பாறை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் தெரிந்ததெல்லாம் காற்று கட்டின பனித் தாழ்வாரம்.

செங்கோடன் பின்னால் நகர்ந்தான். ஓட்டையைச் சுற்றி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு மட்டும் தெரிகிற ஆளுக்கு ஓட்டை தெரியாது.

“குச்சி இருந்த குழி எங்கீங்?”

“நீங்கதான் சொல்லணும்.”

காற்று குழியை மூடிவிட்டிருந்தது. தோராயமாக ஓர் இடத்தில் செங்கோடன் குச்சியைச் செருகினான். சாய்ந்தது. பனியை மிதித்து இறுக்கி மறுபடி செருகினான். ஒரு காற்றுக்குப் படுத்துவிட்டது. கையால் தோண்டிப் பார்த்தான். முழங்கை அளவுக்குக் கீழே பனிக்கட்டி, இரும்பு மாதிரி. கல் எல்லாம் அதற்கும் அடியில்.

“ஈரோட்டுல உங்க வண்டி சத்தத்துல ஒரு ஸ்வெட்டர் வெல சொல்ல முடியாதுங்ண்ணா. ஆயிரம் அடி ஓட்டுவீங்க. ஒரு முழம் முடியலையா?”

“சிரிக்காதீங் அம்மணி. மடத்துல கடப்பாரை இருக்குமில்ல? போய் எடுத்துட்டு வர்றேன்.”

“அந்தக் கால வெச்சுக்கிட்டு ஏறி எறங்கறதுக்குள்ள பொழுது போயிரும். கடப்பாரை நாளைக்கு. குழி அப்படியே இருக்கும்னு நெனச்சுட்டேன், என் தப்புதான்.”

“அப்ப கீழ போய் அவரப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

“எந்தத் தடத்துல?” யாங்சென் கையை நீட்டிக் காட்டினார். வளைவுக்குக் கீழே இரண்டு தடங்கள் வந்து சேர்ந்தன. “அது மக ஊரு. இது மகன் ஊரு. அந்த வாரம் யாருகூடச் சண்டையோ, அவங்க வீட்டுல இருக்க மாட்டாரு. மேகத்துல ஆள விட்டுருவீங்க. ரெண்டும் ஒண்ணாகறது இங்கதான்.”

சொல்லிவிட்டு அவர் பிளந்த பாறையைப் பார்த்தார். திரும்பி, மேலே மடத்துக் கூரையின் மூலையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் கணக்காக இரண்டடி நகர்ந்தார். மேலே போர்த்தியிருந்த சாம்பல் கம்பளியைக் கழற்றிச் செங்கோடன் தோளில் போட்டார். உள்ளே துறவு அங்கி, சிவப்பு. கீழ்ப் பக்கம் பார்த்து நின்றார்.

குச்சி இருந்த இடம் அதுதான் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அம்மணி, செத்துப் போயிருவீங்.”

“சாயங்காலம் வரைக்குந்தானே.”

“அவரு வரலைன்னா?”

“வரலைன்னா யாரும் விழலை.”

“இல்லீங், நான் நிக்கறேன். தப்பு என்னுது.”

“உங்க ஜாக்கெட் நீலம். அவருக்கு நீலமும் பனியும் ஒண்ணு. மேல போங்ண்ணா. அடுப்பாண்ட உக்காருங்க.”

“நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலீங்க நீங்க.”

“என்ன கேட்டீங்க?”

செங்கோடன் வாயைத் திறந்தான். யாரு தயவும் இல்லாமத் தனியா என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

சொன்னபடி மேலே நடந்தான். ஐம்பது தப்படி போயிருப்பான். திரும்பிப் பார்த்தான். பாறை இல்லை, பாதை இல்லை, மலையே இல்லை. எல்லாம் மேகம். அந்த வெள்ளைக்குள் ஆடாமல் அசையாமல் ஒரே ஒரு சிவப்பு. மலை மலையாகப் பார்த்து வாய் பிளந்தவன், இந்தப் பத்தொன்பது நாளில் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

இறங்கி வந்தான். குச்சியின் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். போர்வெல் ரிக்கில் ஏறும்போது கட்டுகிற மாதிரி தலையில் முண்டாசாகக் கட்டினான். கம்பளியை அவர் முதுகில் மட்டும் போர்த்திவிட்டு, ஒரு கை தள்ளி நின்றான். யாங்சென் அவன் தலையைப் பார்த்தார்.

இருவரும் கீழ்ப் பக்கம் பார்த்து நின்றார்கள். பேசினால் சூடு போய்விடும். மச்சான் முகம் ஒரு தடவை வந்தது. இருபது வருடத்தில் ரிக் மேல் தான் இருக்கும்போது கீழே யார் நின்றிருந்தது என்று யோசித்தான். அதற்குள் கீழே ஒரு செருமல் கேட்டது.

மகன் ஊர்த் தடத்தில் கிழவர் வந்தார். தலையைச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, நேராகச் சிவப்பை நோக்கி வந்தார். கையை நீட்டித் தொட்டார். யாங்சென் தோளைத் தொட்டார், செங்கோடன் முண்டாசைத் தொட்டார். இடது பக்கம் சரியாகத் திரும்பினார். ஏதோ முணுமுணுத்தார்.

“என்னுங் சொல்றாரு?”

“இந்த வருசம் ரெண்டு நட்டிருக்கீங்களான்னு கேக்கறாரு.”

யாங்சென் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் விரல்கள் குளிரில் மடங்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்தார். நாலடி ஏறி நின்றார்.

“வாங்ண்ணா. வர வேண்டிய ஆளு வந்தாச்சு.”

செங்கோடன் மற்ற தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“மக ஊர்லருந்து வேற யாரும் வர மாட்டாங்களா?”

“வழக்கமா வர மாட்டாங்க.”

“அந்தத் தடத்துல நான் வந்தனுங்களே.”

யாங்சென் அவன் பூட்ஸைப் பார்த்தார்.

“கால் போயிரும். மேல வாங்ண்ணா” என்றார்.

அவன் போகவில்லை.